ரெஜினுக்குக் காலில் அடி

ரெஜினுக்க காலு இப்ப எப்படி இருக்குன்னா கேக்கீங்க? சொல்லுதேன் தம்பி, முதல்ல உக்காருங்க. அந்தச் சிமெண்டுப் படியில வேண்டாம், சுடும். இங்க கோல் போஸ்டுக்குப் பின்னால பூவரசு நிழல் கிடக்கு, வாங்க. படகு நாலு மணிக்குத்தான் எடுப்பாவ. இப்ப மணி ரெண்டரை. எனக்க ஸ்கூட்டர்ல ஹார்பருக்குப் பத்து நிமிசம். அவன் படகுல ஏறுததுக்கு முன்ன ஆளை உங்க முன்னால கொண்டு நிறுத்துதேன், போதுமா? நாப்பது நாள் ஆழ்கடலுக்குப் போறவன் இப்ப ஐஸ் ஏத்திக்கிட்டு நிப்பான். நீங்க இந்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கிட்டு அங்க போனா மீன் தண்ணியிலதான் நிக்கணும்.

கிரவுண்டு கேட்டுக்கு மேல போர்டைப் பாத்தீங்களா? 'பயிற்சியாளர் வின்சிலாஸ்'னு இருந்துது. அஞ்சு மாசம் முன்ன வெள்ளை பெயிண்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துட்டானுவ. பெயிண்டும் ஒழுங்கா அடிக்கத் தெரியல்ல, வெயிலடிச்சா உள்ள எனக்க பேரு தெரியுது. பதினாலு வருசம் சம்பளத்துக்குப் பந்து விளையாடுன ஒருத்தனை, இந்த மீன்பிடித் துறைக்கு முப்பத்தாறு வருசத்துக்குப் பொறவு கப்பு வாங்கித் தந்த ஒருத்தனை, ஒரு இழுப்புல அழிச்சாச்சு. அழிக்கச் சொன்னது ஆரு? டென்சிங். கிளப்பு செகரட்டரி. பந்தைக் கையால எடுத்தா ஃபவுலா இல்லையான்னு கேட்டா யோசிச்சுச் சொல்லுவான். அவன் எனக்கு நியாயம் சொல்லுதான்.

உங்க குரலைக் கேட்டதுமே ஆளு தெரிஞ்சுபோச்சு. போன வருசம் சென்னைக் கிளப்புல இருந்து ஃபோன் பண்ணினது நீங்கதான். அதே மெட்ராஸ் பேச்சு. வரேன், அதுக்கும் வரேன். எதையும் ஒளிக்கல்ல. ஆனா நான் ஆருன்னு தெரியாம அந்தக் கதையைக் கேட்டா ஊர்க்காரன் மாதிரி நீங்களும் தப்பாத்தான் பேசுவீங்க.

நான் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால நின்னு தடுக்குதவன். கொச்சியில ஒரு கம்பெனி டீமுக்கு ஆறு வருசம், கோவாவுல ஆறு, கடைசியா கல்கத்தாவுல ரெண்டு. கல்கத்தாவுல மழையில கால் முட்டுத் திரும்பிப் போச்சு, அதோட முடிஞ்சுது. இந்தா பாருங்க, இந்தத் தழும்பு. இப்பவும் வாடைக்காத்து அடிச்சா மாடி ஏற முடியாது. எனக்க காலு எப்படி இருக்குன்னு இந்த ஊர்ல ஒருத்தன் கேட்டிருப்பானா? ரெஜினுக்க காலைப் பத்தித்தான் எல்லாருக்கும் கவலை.

நான் வெளிய போன கதையைச் சொல்லுதேன், கேளுங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. எங்க மாதா திருவிழா பத்து நாள். எட்டாம் திருநாளுக்குக் கப்பு ஃபைனல். இந்தக் கரையில எத்தனை துறை உண்டோ அத்தனை டீமும் வரும். ஜெயிச்ச டீமுக்க கோச், பத்தாம் நாள் ஊர்வலத்துல கப்பைத் தூக்கிக்கிட்டு மாதா சப்பரத்துக்கு முன்னால நடக்கணும். அது இங்க வழக்கம். கலெக்டரே வந்தாலும் கோச்சுக்குப் பின்னாலதான் நடக்கணும். நாங்க அந்த வருசம் ஃபைனலுக்கு வந்துட்டோம். முந்தின நாள் பங்குச்சாமி வீட்டு ஃபோனுக்கு ஒரு சேதி வருது. கொச்சியில நாளைக்குச் செலக்சன், ஸ்டாப்பர் பையனை அனுப்புங்கன்னு.

எங்களுக்கு அப்ப கோச் பத்ரோஸ் மாஸ்டர். பள்ளிக்கூடத்துல மணி அடிக்குத வேலை. அந்த ஆளு என்ன செய்தாரு தெரியுமா? ஆருகிட்டயும் கேக்கல்ல. எனக்க துணியை ஒரு பையில திணிச்சு, அவருக்க ஷூவை எனக்குப் போட்டுவிட்டு, அந்த நிமிசமே களியக்காவிளை பஸ்சுல ஏத்திட்டாரு. ஃபைனல் மாஸ்டர்னேன். நீ போலேன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஸ்டாப்பர் இல்லாத டீமு நாலு கோல் வாங்கித் தோத்துது. கரைக்காரனுவ அவரு மேல மண்ணை வாரி எறிஞ்சானுவ. அதுக்குப் பொறவு அந்த மனுசன் விசிலைத் தொடல்ல.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு கோச் செய்யுத வேலையா அது? ஒரு டீமுன்னா பதினோரு பேரு. ஒருத்தனுக்காகப் பத்துப் பேரையும் ஊரையும் கடல்ல தள்ளுவாவளா? நான் கோச் லைசென்சு வாங்குத கோர்சுல முதல் நாளே சொல்லிக் குடுத்தாவ, டீமுதான் முதல்னு. பாவம், பத்ரோஸ் மாஸ்டருக்கு அதெல்லாம் எங்க தெரியும்? எனக்கு அவரு மேல மரியாதை உண்டு, ஷூவும் நல்ல ஷூதான். ஆனா அவரை மாதிரி ஒரு தப்பை எனக்க வாழ்க்கையில நான் செய்யப்படாதுன்னு அன்னைக்கே மனசுல வச்சுக்கிட்டேன். அவரு செத்தப்ப எனக்குக் கோவாவுல செமிஃபைனல், வர முடியல்ல. அதையும் இப்ப தோண்டி எடுத்துப் பேசுதானுவ.

பதினாலு வருசம். ஷோகேஸ் நிறைய மெடலு. ஆனா எங்க கரையில ஒருத்தனும் நான் ஜெயிச்சதைக் கண்ணால பாத்ததில்ல. லீவுக்கு வந்தா, என்ன வின்சிலாசு, இன்னும் பந்துதான் தட்டுதியா, கலியாணம் எப்பன்னு கேப்பானுவ. எரிஞ்சு வரும். முட்டுப் போயி ஊருக்கு வந்தப்ப இந்தக் கிரவுண்டுல வலை காயப் போட்டிருந்தாவ. நான்தான் வலையை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டு, கோடு போட்டு, பிள்ளைகளைக் காலம்பர அஞ்சரைக்கு ஓட விட்டேன். நாலு வருசம் ஓட விட்டேன்.

ரெஜினைக் கீப்பர் ஆக்குனதும் நான்தான், அதை எழுதிக்கிடுங்க. பதினாறு வயசுல ஃபார்வேர்டு நின்னுக்கிட்டு இருந்தான், கோலும் அடிப்பான், அதனால ஒருத்தனும் மாத்தி யோசிக்கல்ல. நான் அவனுக்க கையைப் பாத்தேன். ஒரு தடவை அவனுக்க அண்ணன் படகுல இருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கி வீசுதான், இவன் கீழ நின்னு ஒத்தைக் கையால வாங்குதான். லேய், நாளையிலேருந்து நீ போஸ்டுல நில்லுன்னேன். மாட்டேன்னு அழுதான். ஒரு மாசம் எங்கிட்டப் பேசல்ல. பொறவு கேட்டீங்களா, பெனால்டி அடிக்க வாறவனுக்க இடுப்பைப் பாத்தே பந்து எங்க வரும்னு சொல்லுவான். எனக்கே பொறாமையா இருக்கும்.

இப்ப அந்த விரலை வச்சு ஆழ்கடல்ல தூண்டில் கயிறு இழுக்கான். போன தடவை கரைக்கு வந்தப்ப பாத்தேன், நடுவிரல்ல தூண்டில் கொளுவி ஏறி நகம் போயிருக்கு. வயித்தெரிச்சலா இருந்துது. ஏம்லே, பந்து பிடிக்குத கையைக் கொண்டுபோயி இப்படிச் செய்யுதியேன்னு சத்தம் போட்டேன். சிரிச்சான். வேற என்ன கோச் செய்யன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அவனை அறைஞ்சிருப்பேன்.

வீடியோவா? எந்த வீடியோ? காட்டுங்க. ஓ. ஃபைனல்ல அவன் பெனால்டி பிடிக்குதது. இது உங்களுக்கு எப்படி வந்துது? ஆரு அனுப்புனான்னு சொல்ல மாட்டீங்க, சரி. கீழ தேதி போட்டிருக்கு. அப்ப நீங்க தேதியையும் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க. பாத்துட்டுத்தான் வந்ததும் வராததுமா காலு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நல்ல ஆளு தம்பி நீங்க. சரி, அப்ப நேராவே பேசுவோம், எனக்கும் சுத்தி வளைச்சுப் பேசிப் பழக்கமில்ல.

அவனுக்குக் காலில் அடி ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல.

போன வருசம், ஒரு வியாழக்கிழமை காலம்பர. நான் இந்தா இந்தக் கோட்டுல சுண்ணாம்பு வாளியோட நிக்கேன். ஃபைனல் ஞாயிறு. நீங்க கூப்பிடுதீங்க. ஞாயிற்றுக்கிழமை சென்னையில ட்ரையல், ரெஜினைப் பத்திக் கேள்விப்பட்டோம், அவனுக்க நம்பர் குடுங்க சார்னு. கிளப்புக்குன்னு எல்லா இடத்துலயும் எனக்க நம்பர்தான் குடுத்திருந்துது. மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், யோசிச்சுச் சொன்னதில்ல. வாயில இருந்து தானா வந்துது. "அவனுக்குக் காலில் அடி சார், ஒரு மாசம் நடக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." சொல்லிட்டு நிமிந்து பாக்கேன், அவன் அந்தப் போஸ்டுல தாவித் தாவிப் பந்து பிடிச்சுக்கிட்டு நிக்கான். ஆரு கோச் ஃபோன்லன்னு கேட்டான். வலைக் கம்பெனிக்காரன்னு சொன்னேன்.

நீங்க ஏன் தம்பி வேற ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கல்ல? வருசத்துல அம்பத்திரண்டு ஞாயிறு உண்டு. எங்க எட்டாம் திருநாளு அன்னைக்குத்தான் உங்களுக்குத் தோணிச்சா? அதை ஒருத்தனும் கேக்க மாட்டான். அதுவும் போகட்டும், அடி பட்டிருக்குன்னு சொன்னா, ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூப்பிட மாட்டீங்களா? ஒரு பிள்ளைக்க வாழ்க்கை இல்லியா? ஒரே ஒரு ஃபோனோட விட்டுட்டீங்க. நானாவது திருப்பிக் கூப்பிடணும்னுதான் இருந்தேன். ஃபைனல் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதும் ஊர்வலம், பொறவு விருந்து, பாராட்டுக் கூட்டம். நாள் போயிட்டுது.

ஃபைனலைப் பத்திச் சொல்ல வேண்டாமா? வீடியோவுல மூணு நிமிசம்தானே பாத்தீங்க. ஒண்ணுக்கு ஒண்ணு, பெனால்டிக்குப் போச்சு. ரெண்டைப் பிடிச்சான். ரெண்டாவது பந்து மேல் மூலைக்குப் போவுது, ஒருத்தனும் எட்ட மாட்டான், இவன் விரல் நுனியால தட்டி விட்டான். ஜனம் கிரவுண்டுக்குள்ள இறங்கிட்டுது. ஆரைத் தூக்குனாவ? என்னைத் தூக்குனாவ. ரெஜினே வந்து என்னைத் தோள்ல ஏத்துனான். பத்தாம் நாள் மாதாவுக்கு முன்னால நான் கப்போட நடந்தேன் தம்பி. எனக்க அம்மை கோயில் படியில நின்னு அழுதா. அன்னைக்குக் கிடைச்சதைக் கொச்சியும் கோவாவும் எனக்குத் தரல்ல. அதை நான் ஆருகிட்டயும் பிச்சை வாங்கல்ல, உழைச்சு வாங்குனேன்.

அப்புறம் எப்படி வெளிய வந்துதுன்னா, வடக்குத் துறைப் பையன் ஒருத்தன் உங்க ட்ரையலுக்கு வந்திருக்கான். அவன் ஆறு மாசம் கழிச்சு ஊருக்கு வந்து, ஏம்லே ரெஜினே, உனக்குக் காலு உடைஞ்சுட்டுன்னு அங்க பேசிக்கிட்டாவளே, சரியாயிட்டான்னு கேட்டிருக்கான். எந்தக் காலுன்னு இவன் கேட்டிருக்கான். அவ்வளவுதான், கரை முழுக்கப் பத்திக்கிட்டுது. டென்சிங்குக்குச் சொல்லவா வேணும், உடனே கிளப்புக் கூட்டம். ஃபோன் ஆருக்கு வந்துது, வின்சிலாசு, நீ அந்த வியாழக்கிழமை ஃபோன்ல ஆருகிட்ட பேசுனன்னு கேக்கான். எனக்க ஃபோனைப் பாக்கணுமாம். அவன் ஆரு எனக்க ஃபோனைப் பாக்க? தர மாட்டேன்னேன். அப்ப நீதான்னான்.

அப்ப ரெஜின் எந்திரிச்சான். கையைக் கட்டிக்கிட்டு நிக்கான். "கோச் அப்படிச் செய்ய மாட்டாரு. எனக்கு ஒரு ஃபோன் வந்திருந்தா முதல்ல எங்கிட்டதான் சொல்லியிருப்பாரு" அப்படின்னான். சொல்லிட்டு என்னைப் பாத்தான். ஒரு கூட்டமே என்னைப் பாக்குது.

எனக்கு அவன் மேலதான் தம்பி பெரிய கோவம். நிசமாவே சொல்லுதேன். அவன் ஏன் அப்படிச் சொன்னான்? அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தான்னா நான் அங்கேயே ஒத்துக்கிட்டிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. ஆமாலே, நான்தான் சொன்னேன், ஊருக்காகச் சொன்னேன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிருப்பேன். இவன் இப்படி நல்லவன் மாதிரி எந்திரிச்சு நின்னுட்டா நான் எப்படி வாயைத் திறக்க? என்னை ஊமையாக்குனதே அவன்தான். டென்சிங் என்னை விலக்குனான், போர்டை அழிச்சான். ரெஜின், கோச் இல்லாத கிளப்புல நான் விளையாடல்லன்னு கிளவுசைக் கழட்டி வச்சுட்டு அண்ணன்கூடக் கடலுக்குப் போயிட்டான். நான் போவச் சொன்னேனா? இப்ப அதுவும் எனக்க தலையிலதான் வந்து விடியுது. வின்சிலாசு ஒரு பிள்ளையைக் கெடுத்துட்டான்னு ரெஜினுக்க அம்மை கோயில் முற்றத்துல நின்னு சொல்லுதா.

இப்ப நீங்க வந்திருக்கீங்க. நல்ல காரியம். நாப்பத்தஞ்சு நாள்ல உங்க கிளப்பு முகாம் தொடங்குதுன்னு சொல்லுதீங்க, அன்னைக்கு வந்து நிக்கல்லன்னா இடம் வேற ஆளுக்குப் போயிரும், அடுத்த வருசம்னா அவனுக்கு வயசு தாண்டிரும். எல்லாம் புரியுது. அவன் இன்னைக்குக் கடலுக்குப் போவாம உங்ககூட வரட்டும், எனக்கும் அதுதான் ஆசை. அவன் நல்லா வரணும்னு என்னைவிட ஆரு நினைச்சிருக்கா?

ஆனா ஒண்ணே ஒண்ணு. நான் உங்களைக் கொண்டுபோயி அவன் முன்னால நிறுத்துதேன். நீங்க போன வருசத்துப் பேச்சை எடுக்கப்படாது. எடுத்தா, நம்பர் மாறி வேற ஆருக்கோ ஃபோன் போயிட்டுது, எவனோ காலில் அடின்னு சொல்லிட்டான்னு சொல்லிடுங்க. உங்க பக்கத்துத் தப்புன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு அதுல என்ன நஷ்டம்? பெரிய கிளப்பு, ஒரு தப்பு நடந்தா ஒண்ணும் ஆவாது. எனக்கு இந்த ஊர்ல என்னை நம்புதது ஒருத்தன்தான் இருக்கான். அதையும் வந்து எடுத்துட்டுப் போவாதீங்க தம்பி.

உங்களைப் பெரிசா பொய் சொல்லச் சொல்லல்ல. ஒரு வாக்கு குடுங்க, உடனே ஸ்கூட்டரை எடுக்கேன். சும்மா வாட்சைப் பாக்காதீங்க, எனக்குத் தெரியும் நேரம். மூணேமுக்கால்தானே. இதுக்குப் போயி இத்தனை யோசனையா? ஃபவுல் பண்ணினவனை ரெஃபரி ஒரு தடவை எச்சரிச்சு விடுததில்லையா? ஆங், தலையை ஆட்டுனீங்க. ஆட்டுனீங்கல்லா? போதும், அது போதும் எனக்கு. இருங்க, நாம போவுததுக்கு முன்ன அவனையே கூப்பிட்டு நிக்கச் சொல்லுதேன்.

ரெஜினே. ஆமா, நான்தான். எங்கலே நிக்க? என்னது? நாலு மணின்னுல்லா சொன்ன. சரி. சரி மக்கா. இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன். விசயம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுதேம்லா. பாத்துப் போயிட்டு வா. விரல்ல துணி சுத்திக்க.

ஐஸ் சீக்கிரம் ஏத்தியாச்சாம். மூணரைக்கே எடுத்துட்டாவளாம். நான் என்ன செய்ய, அவனுவ நேரத்துக்கு எடுக்காம முன்னால எடுத்தா? ஹார்பர் அலைத்தடுப்புக் கல்லுக்கு வெளியதான் நிக்கோம், ஏதாவது காரியம்னா சொல்லுங்க கோச், அண்ணங்கிட்ட சொல்லிப் படகைத் திருப்புதேன்னான்.

கையை நீட்டாதீங்க, ஃபோனை வச்சாச்சு. இப்படிப் பாக்காதீங்க தம்பி என்னை. உங்களுக்கு எங்க கரையைப் பத்தித் தெரியாது. கடலுக்கு இறங்குனவனை இங்க பின்னால நின்னு கூப்பிடப்படாது. இறங்குன படகைத் திருப்பப்படாது. திருப்புன படகுக்கு அந்த நாப்பது நாளும் மீன் படாதுன்னு பேரு. எட்டுப் பேரு இருக்கான் அந்தப் படகுல, எட்டுக் குடும்பம். ஒருத்தனுக்காக எட்டுப் பேரைக் கெடுக்கவா? கேட்டவன் நாளைக்கு என்னைத்தானே சொல்லுவான்.

நாப்பது நாள்தானே. நாப்பத்தஞ்சுக்கு இன்னும் அஞ்சு நாள் மிச்சம் இருக்கு, அவன் கரைக்கு வந்த அன்னைக்கே நான் நேர்ல போயி நின்னு சொல்லுதேன். நீங்க அந்த முகாம் தேதி, இடம், எல்லாம் எனக்க நம்பருக்கு அனுப்பிட்டு நிம்மதியாப் போங்க. அதே பழைய நம்பர்தான். ஏன் எந்திரிச்சிட்டீங்க? அவனுக்க அம்மை வீடா? அங்க எதுக்குத் தம்பி வெயில்ல நடக்கீங்க? நான்தான் இருக்கேன்லா. எங்கிட்டச் சொன்னா போதாதா?